அசோமினே தூக்கிய கை

என் அண்ணன் கசாய் மித்சுகு பதினைந்து வயதில், நடுநிலைப் பள்ளி முடிந்த அதே மாதத்தில், ஃபுகாஉராவிலிருந்து டோக்கியோவுக்கு ரயில் ஏறினான். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா அழவில்லை. உலர்ந்த கணவாய் மீன் கட்டிய துணிமூட்டையை ஜன்னல் வழியாக நீட்டி, "தோத்தா வராத. ஜெயிச்சா சொல்லிட்டு வா" என்றாள். ரயில் போன பிறகு அப்பா அவளைத் திட்டினார். "புள்ளைக்கிட்ட பேசுற பேச்சா இது?" அப்பா அன்று இரவு கணவாய்ப் படகுக்குப் போகவில்லை என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

சுமோ கூடத்தில் அவனுக்கு ஓகினாமி என்று களப்பெயர் வைத்தார்கள். நடுக்கடல் அலை என்று பொருள். பெயருக்கு ஏற்ற வேகம் இல்லை. கழிப்பறை கழுவி, அரிசி களைந்து, மூத்தவர்களின் துணியை மடித்து எட்டு வருடம் கீழ்ப் படிகளிலேயே கிடந்தான். இருபத்து மூன்று வயதில்தான் சம்பளம் வாங்கும் படிக்கு ஏறினான். இருபத்தொன்பதில் ஓசெக்கி ஆனான். அதற்கு மேல் யோக்கொசுனா என்ற ஒரே படிதான் உண்டு. எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அவன் பெயர் எழுதிய துணி தொங்கியது; கடற்காற்றில் அது கிழியக் கிழியப் புதிதாக மாட்டினார்கள்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன்தான் கூடத்து அலுவலக வேலைக்குக் கூப்பிட்டான். டிக்கெட் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும், ஆதரவாளர் சங்கத்துக்கு நாட்காட்டி அனுப்புவதும் என் வேலை. நான்கு வருடம் படித்தது இதற்குத்தானா என்று அடிக்கடி தோன்றும். ஆனால் அந்த வேலையால்தான் அவனுடைய கடைசி இரண்டு வருடங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்ததெல்லாம் புரிந்ததா என்று கேட்டால், பாதிக்கு மேல் இல்லை.

ஓசெக்கிக்கு ஒரு விதி. பதினைந்து நாள் போட்டியில் எட்டு வெற்றி வேண்டும். ஒரு போட்டியில் தவறினால் எச்சரிக்கை. அடுத்ததிலும் தவறினால் பதவி போய்விடும். அந்த ஜனவரியில் அண்ணன் எச்சரிக்கையோடுதான் களம் இறங்கினான். வயது முப்பத்து மூன்று. வலது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. பதினான்காம் நாள் முடியும்போது ஏழு வெற்றி, ஏழு தோல்வி.

அன்று மாலை வாத்தியார் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூடத்தின் தலைவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் மனைவி எல்லோருக்கும் அம்மா. நான் தேநீர் கொண்டுபோனேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"முட்டி என்ன சொல்லுது?" என்றார் வாத்தியார்.

"அது பேசுறத நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு வாத்தியாரே. இப்பல்லாம் திட்டுறதோட சரி."

வாத்தியார் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஜெயிச்சா பேச்சே இல்ல. தோத்தா திங்கக்கிழமை விலகுறேன்னு சொல்லிடு. புதன்கிழமைதான் அடுத்த வரிசை போடுற கூட்டம். அதுக்குள்ள சொன்னா நீ ஓசெக்கியாவே போற. புரியுதா?"

அண்ணனுக்குப் புரிந்தது; எனக்கும் புரிந்தது. ஆட்டத்தை விட்ட பிறகு சுமோ சங்கத்தில் ஆசானாக இருக்க ஒரு மூத்தோர் பெயர் வேண்டும். அந்தப் பெயர்கள் குறைவு. ஒருவர் போனால்தான் இன்னொருவருக்கு. அண்ணனுக்கு எந்தப் பெயரும் கிடைத்திருக்கவில்லை. ஆனால் ஓசெக்கியாக இருக்கும்போதே விலகுகிறவன் தன் களப்பெயரோடு மூன்று வருடம் தங்கலாம், அதற்குள் ஒரு பெயர் தேடிக்கொள்ளலாம். பதவி இறங்கியபின் விலகினால் அந்த வழி அடைபட்டுவிடும். பதினைந்து வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்தது அந்த மண் களமும் அதைச் சுற்றியிருந்த ஆட்களும்தான். பையன்களைச் சேர்த்து ஆசானாக வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

"சரி வாத்தியாரே" என்றான். "தோத்தா திங்கக்கிழமை."

சமையலறையில் கூடத்து அம்மா பெரிய பானையில் கோழி வேகவைத்துக்கொண்டிருந்தார். போட்டி நாட்களில் எங்கள் கூடத்தில் நாலு கால் கறி கிடையாது. களத்தில் கை ஊன்றினால் தோல்வி. ரெண்டு காலில் நிற்கும் கோழிதான் ராசி.

"மீன் போடலாமே அம்மா" என்றான் அசோமினே.

"மீனுக்குக் காலே இல்ல. நீ நாளைக்குத் தவழ்ந்து வரப்போறியா?"

அசோமினே குமாமோத்தோவிலிருந்து வந்தவன். அண்ணனுக்கு ஆறு வருடம் பணிவிடை செய்த பையன். களத்தின் கீழே உட்காரும் மெத்தையைத் தூக்குவது, கச்சை இறுக்கிக் கட்டுவது, முதுகில் வேர்வை துடைப்பது எல்லாம் அவன்தான். இப்போது அவனுக்கு வயது இருபத்தைந்து. அண்ணனுக்கு ஒரு படி கீழே நின்றான். ஒரே கூடம் என்பதால் இருவரும் மோத வேண்டிய நிலை வராது.

"அண்ணே, நாளைக்கு உங்களுக்கு முந்தின ஆட்டம் என்னோடது. நான்தான் தண்ணி குடுப்பேன்."

"நீ ஜெயிச்சாத்தானே? தோத்தவன் கையால தண்ணி வாங்கக் கூடாதுடா. அப்புறம் எனக்கு வேற யாராவது வந்து ஊத்துவான்."

"கண்டிப்பா ஜெயிப்பேன்."

"வாய் ஜெயிக்குது. இடுப்பு இன்னும் உயரத்துலயே நிக்குது. எதிராளி அடில புகுந்து தூக்கிப் போடுவான், பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மூன்று கிண்ணம் சாப்பிட்டான்.

மறுநாள் ஞாயிறு. நான் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தேன். அசோமினே சொன்னபடி ஜெயித்தான், இடுப்பைத் தாழ்த்தியே ஜெயித்தான். களத்தின் கீழே நின்று மரக்கரண்டியில் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தான். கடைசி ஆட்டங்களில் ஜெயித்தவன் உடனே போக மாட்டான். அடுத்தவர்களுக்காகக் கீழேயே உட்கார்ந்திருப்பான். அவனும் தன் மெத்தையில் போய் உட்கார்ந்தான்.

எதிராளி ஹயாசாகி. ஒல்லி, வேகம். மோதியதும் அண்ணன் இரண்டடி முன்னே தள்ளினான். பிறகு வலது கால் வழுக்கியது. ஹயாசாகி அவனை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். வைக்கோல் விளிம்பில் கால் பட்ட நொடியில் அண்ணன் பக்கவாட்டில் திரும்பி, அவன் தலையை ஓங்கிக் கீழே அடித்தான். இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். மண் பறந்தது. ஜெயித்தவனைக் காட்டும் நடுவரின் விசிறி ஹயாசாகி பக்கம் போனது.

எனக்கு அழுகை வரவில்லை. திங்கட்கிழமை, என்று மட்டும் தோன்றியது. மூன்று வருடம். சரி, போதும்.

அப்போது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கீழே உட்கார்ந்திருந்த அசோமினே வலது கையைத் தூக்கியிருந்தான்.

களத்தைச் சுற்றிக் கறுப்பு உடையில் ஐந்து தீர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். நடுவர் தவறினால் கை தூக்குவது அவர்கள் வேலை. காத்திருக்கும் வீரனுக்கும் அந்த உரிமை விதியில் இருக்கிறது. ஆனால் யாரும் தூக்குவதில்லை. அதுவும் தன் கூடத்து ஆளுக்காகத் தூக்கிய ஒருவனை நான் அதுவரை பார்த்ததில்லை. அவன் முகம் சிவந்திருந்தது. கை இறங்கவில்லை.

ஐவரும் மேலே ஏறினார்கள். வட்டமாக நின்று பேசினார்கள். ஒளிப்பதிவு அறையிலிருந்து ஒருவரின் காதுக்கருவிக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது. அண்ணன் கீழே இறங்கி, கை விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தபடி நின்றான். நேரம் ஆனது. தலைமைத் தீர்ப்பாளர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"நடுவரின் விசிறி ஹயாசாகிக்குக் காட்டியது. ஓகினாமி விழுவதற்கு முன்பே ஹயாசாகியின் குதிகால் வெளியே போனதாக எழுந்த ஐயத்தின் பேரில் கலந்து பேசினோம். குதிகால் முன்பே வெளியே போனது உறுதியானது."

அரங்கம் எழுந்தது. நானும் எழுந்தேன். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆனால்" என்றார் அவர். இரைச்சலில் பலருக்கு அது கேட்கவில்லை. "அதற்கு முன் ஓகினாமியின் கை ஹயாசாகியின் குடுமியைப் பற்றி இழுத்ததும் உறுதியானது. ஆகவே விதிமீறலால் ஹயாசாகி வெற்றி."

தோளைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகியது.

எப்படி விழுந்தாலும் தோல்வி தோல்விதான் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். எங்களிடம் அப்படியில்லை. குடுமியைப் பிடித்து இழுப்பது கெட்ட தோல்வி. தெரியாமல் மாட்டிக்கொண்டாலும் பெயர் ஒன்றுதான். அசோமினே கை தூக்காமலிருந்தால் அண்ணன் விளிம்பில் திரும்பி நின்று போராடித் தோற்றவனாக வெளியேறியிருப்பான். யாரும் ஒளிப்பதிவைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கூடத்துக்குத் திரும்பியபோது அசோமினே வாசலிலேயே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்திருந்தான். ஜனவரிக் குளிரில் கல் தரை.

"எந்திரிடா."

"குதிகால் மட்டும்தாண்ணே என் கண்ணுல பட்டுச்சு. விளிம்புக்கு வெளிய இருக்கிற வெள்ளை மணல்ல தெளிவாத் தடம். தூக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கவே இல்ல. கை தானாப் போயிருச்சு."

"என் கையும் அப்படித்தான் போச்சு" என்றான் அண்ணன். "எந்திரி. சாப்பாடு ஆறுது."

அன்று அவன் ஒரு கிண்ணம்தான் சாப்பிட்டான். மறுநாள் காலைப் பத்திரிகையில் படம் வந்தது. ஹயாசாகியின் தலை பின்னால் வளைந்திருக்க, குடுமிக்குள் நாலு விரல். அண்ணன் வாய் திறந்திருந்தது. முகம் திருடன் முகம் மாதிரி இருந்தது. படம் எடுப்பவர்களுக்கு எப்படி அந்த நொடி கிடைக்கிறதோ.

"வா, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார் வாத்தியார், கோட்டு மாட்டிக்கொண்டே.

"இல்ல வாத்தியாரே. நான் விலகல."

"என்னது?"

"மார்ச்ல ஒசாக்கால ஆடுறேன். பத்து ஜெயிச்சா பதவி திரும்ப வரும்."

"எந்தக் காலை வச்சு? உன் காலையா, என் காலையா?" வாத்தியார் கோட்டைக் கழற்றித் தரையில் எறிந்தார். "முந்தாநேத்து சரின்ன. இந்தப் பொண்ணு சாட்சி."

"தோத்தா போறேன்னு சொன்னேன். இது தோல்வியா? இதோட நின்னா, கடைசி ஆட்டத்துல முடியப் புடிச்சு இழுத்தவன்னு எழுதுவாங்க."

"எழுதட்டும்டா! மூணு நாள் எழுதுவாங்க. அப்புறம் அந்தத் தாள்லயே சக்கரவள்ளிக் கிழங்கு சுத்திக் குடுப்பாங்க. நீ மூணு வருஷம் இங்க இருக்கலாம்."

"மூணு வருஷமும் நான் பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது? ஒருத்தன் கேக்க மாட்டானா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, அது தெரியாம நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். யோசிச்சுப் பாருண்ணே, மூணு வருஷம்ணே."

"நீ படிச்சவ சயோ. நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். "ஆனா கண்ண மூடினா எனக்கு அந்தப் படம்தான் தெரியுது."

செவ்வாய் மாலை அசோமினே அவன் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டான். "விலகிடுங்கண்ணே. என்னைத் திட்டிக்கிட்டே விலகிடுங்க. நாலு பேருக்கு முன்னாடி என்னால வந்ததுன்னு சொல்லுங்க."

"நல்லா இருக்கேடா. ஆறு வருஷம் என் மெத்தையத் தூக்கின. இப்ப என்னையே தூக்கி வெளிய வைக்கிறியா?"

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் அண்ணன் அப்படிச் சொன்னான். ஆனால் அசோமினே குலுங்கி அழுதான். அத்தனை பெரிய உடம்பு அழுவதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. புதன்கிழமை வந்தது, போனது.

பெருமை என்று இதைச் சிலர் சொன்னார்கள். பிடிவாதம் என்றார் வாத்தியார். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. வெட்கம் என்றுதான் நினைக்கிறேன். வெட்கப்படுகிறவனுக்கு முன்னால் எதிர்காலத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? ஆனால் இதுவும் நான் தூரத்திலிருந்து சொல்வதுதான்.

ஒசாக்காவில் அவன் ஆடியதை நான் மறக்க மாட்டேன். முழங்காலைக் கட்டுத்துணியால் மரக்கட்டை போல இறுக்கியிருந்தான். தலையை அடிக்கும் உத்தியை அடியோடு விட்டுவிட்டான். கை மேலே போகவே இல்லை. கச்சையைப் பிடித்து நேராகத் தள்ளினான், அவ்வளவுதான். பதினோராம் நாள் முடிய எட்டு வெற்றி. பத்திரிகைகள் மெல்ல அவன் பக்கம் திரும்பின. அம்மா ஃபுகாஉராவிலிருந்து தொலைபேசியில், "இன்னும் ரெண்டுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள், எதிராளி இழுத்துக்கொண்டே பின்வாங்கினான். அவன் தலை அண்ணனின் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. அடித்திருந்தால் விழுந்திருப்பான். பார்த்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அண்ணன் கை உயரவில்லை. எதிராளியைத் துரத்தி இன்னொரு அடி எடுத்து வைத்தான். முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். தனக்கு வழிவிட்ட கூட்டத்துக்கு அவன் உட்கார்ந்தபடியே தலை வணங்கிக்கொண்டு போனான்.

அதன் பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் அவன் பெயர் வரிசையில் கீழே போனது. அசோமினே மேலே போனான். செப்டம்பர் போட்டி முடிந்ததும் சங்கத்திலிருந்து இரண்டு பேர் முறைப்படி வந்து, அவன் ஓசெக்கி ஆனதாக அறிவித்தார்கள். வாசலில் புகைப்படக்காரர்கள். ஒரு பெரிய சிவப்பு மீனைக் கையில் தூக்கி நிற்க வேண்டும். பிறகு கூடத்துப் பையன்கள் அவனைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும். அதுவும் வழக்கம்.

பையன்கள் வரிசையாகக் குனிந்தபோது அண்ணனும் போய்க் குனிந்தான்.

"வேண்டாம்ணே. உங்க கால்" என்று கிசுகிசுத்தான் அசோமினே.

"இடது தோள்லதான் வாங்குறேன். ஏறுடா. படம் எடுக்கிறவன் எவ்வளவு நேரம் நிப்பான்?"

தூக்கினார்கள். மறுநாள் பத்திரிகையில் புதிய ஓசெக்கி மீனோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே அண்ணனின் முகம் பாதிதான் தெரிந்தது, அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று முதல் அசோமினே முதலில் குளித்தான், முதலில் சாப்பிட உட்கார்ந்தான். முதல் நாள் அவன் குளியலறை வாசலில் தயங்கி நின்றான். "உள்ள போடா. தண்ணி ஆறினா பின்னாடி வர்ற நாங்கதான் நடுங்கணும்" என்றான் அண்ணன்.

அடுத்த ஜனவரியில் அண்ணன் விலகினான். அப்போது அவன் இரண்டாம் பிரிவில், நடுவில் எங்கோ இருந்தான். மூத்தோர் பெயர் எதுவும் காலியாகவில்லை. வாத்தியார் ஒரு மாதம் பலரைப் போய்ப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. முன்னாள் ஓசெக்கி என்பதால் செய்தியாளர் கூட்டம் வைத்தார்கள். சிறிய அறை. பாதி நாற்காலி காலி. பின்சுவர் ஓரமாக அசோமினே நின்றான்.

வழக்கமான கேள்வி வந்தது. "இத்தனை வருடத்தில் மனதில் நிற்கும் ஆட்டம் எது?"

யோக்கொசுனாவை வீழ்த்திய ஆட்டத்தைச் சொல்வான் என்று எல்லோரும் பேனாவோடு இருந்தார்கள்.

"ஹயாசாகியோட ஆடினது" என்றான்.

அறை ஒரு மாதிரி ஆனது. கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுல அவன் குதிகால்தான் முதல்ல வெளிய போச்சு" என்றான் அண்ணன். "அந்த வேகத்துல அது எனக்கே தெரியல. நடுவருக்குத் தெரியல, தீர்ப்பாளருங்களுக்குத் தெரியல. ஒருத்தன் பாத்தான்."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கதவு திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது அவன் ஃபுகாஉராவில், முதியோர் பகல்நேர இல்லத்தில் வேலை செய்கிறான். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக் குளியல் தொட்டியில் இறக்குவதுதான் பெரும்பாலும் வேலை. நானும் ஊருக்கே வந்துவிட்டேன். நகராட்சி அலுவலகத்தில் எனக்கு வேலை. படித்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கிழவர்கள் அவனை "ஓசெக்கி, மெதுவா, மெதுவா" என்கிறார்கள். ஒரு பாட்டன் மட்டும், "தலைமுடியப் புடிச்சிடாதப்பா, இருக்கிறதே நாலு" என்று ஒருமுறை சொன்னார். அவருக்கு விவரம் தெரிந்து சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் அவரைப் பத்திரமாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றான் என்று அங்கே வேலை செய்கிற பெண் சொன்னாள்.

சென்ற ஆகஸ்டில் சுமோ சுற்றுப்பயணம் எங்கள் பக்கத்து நகரமான ஹிரோசாகிக்கு வந்தது. அசோமினே முன்கூட்டியே என்னை அழைத்தான். "அக்கா, அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. முன் வரிசையில இடம் வச்சிருக்கேன்." அவன் என்னைவிட ஒரு வயது பெரியவன், ஆனாலும் அண்ணனுடைய தங்கை என்பதால் அக்கா.

"அன்னைக்கு எனக்கு வேலை நாள்" என்றான் அண்ணன்.

"மாத்திக் கேக்கலாமே."

"ஆள் இல்ல. தூக்குறதுக்கு ஆள் வேணும்."

நான் மட்டும் போனேன். திரும்பி வரும்போது அண்ணன் சமையலறையில் கணவாயைக் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருந்தான். நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். செய்தியாளர்களிடம் சொன்னது அவன் மனதில் இருந்ததா, அல்லது பின்சுவரில் நின்றவனுக்காகச் சொன்னதா என்று அப்போது கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே எங்கேயோ உண்மை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் விட்டேன்.

தண்ணீர் கொதித்தபோது அவனே பேசினான்.

"இடது கால்ல பாரம் போட்டு நிக்கிறானா?"

"யாரு?"

"அவன்தான்."

"எனக்கெங்க அதெல்லாம் பாக்கத் தெரியும்? போன் போட்டு நீயே கேளேன். இன்னைக்குப் பூரா உன் பேச்சுத்தான் பேசினான்."

"ம்" என்றான். அடுத்த கணவாயை எடுத்து, நடுவில் கத்தியை வைத்தான்.